ஈகிள்ஸ் இளைஞர்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து லீகான ஏ.எஃப்.எல்.-இல் ஆடும் நம் பெர்த் அணி வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் 2026-இல் எப்படி ஆடும் என்ற பேச்சில் இப்போது இரண்டு கட்சிகள். ஒரு கட்சி, அனுபவசாலிகளைக் கொண்டுவந்து நிரப்பினால் ஆறு ஏழு ஆட்டமாவது ஜெயிக்கலாம் என்கிறது. இன்னொரு கட்சி, டிராஃப்ட்டில், அதாவது கிளப்புகள் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறையில், வந்த பையன்களை மொத்தமாக இறக்கிவிடுங்கள், தோற்றால் தோற்கட்டும் என்கிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இந்தக் கோடையில் கோச் ஆண்ட்ரூ மெக்வால்டரும் தேர்வுக் குழுவும் முடிவு செய்ய வேண்டியது, யார் எந்த இடத்தில் ஆடுவது, அந்த இடத்தில் அவரை எத்தனை வாரம் அசைக்காமல் வைப்பது என்பதைத்தான். ஆள் தேடும் வேலை அதற்குப் பிறகு.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 2022-இல் 2 வெற்றி, 2023-இல் 3, 2024-இல் 5, 2025-இல் 1. நான்கு சீசன்களில் 91 ஆட்டங்கள், 11 வெற்றிகள். 2025-இன் ஒரே வெற்றி பத்தாவது சுற்றில் செயின்ட் கில்டாவுக்கு எதிராக வந்தது. 2023-இல் சிட்னியில் 205–34 என்று 171 புள்ளி வித்தியாசத்தில் தோற்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2018 கிராண்ட் ஃபைனலில் காலிங்வுட்டை 79–74 என்று வென்று நான்காவது கோப்பையை எடுத்த கிளப் இது. ஏழே ஆண்டுகளில் இந்த நிலை.

இதற்கு வயதான அணி, காயங்கள், பயிற்சியாளர் மாற்றம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அணி எங்கே உடைந்தது என்று பார்த்தால் அது மைதானத்தின் நடுக்கோட்டில்தான், அதாவது ஒரு கோல் முனையிலிருந்து மறு கோல் முனை வரை நிற்கும் உயரமான ஆட்களிடம்தான் உடைந்தது. 2023 முடிவில் ரக் நிக் நைட்டநுய் ஓய்வு பெற்றார். ரக் என்றால் அம்பயர் பந்தை எழுப்பும்போது துள்ளித் தன் அணி பக்கம் தட்டும் உயரமான ஆள். 2024 முடிவில் டாம் பாராஸ் ஹாத்தார்ன் போனார், ஜாக் டார்லிங் நார்த் மெல்பர்ன் போனார். 2025-இல் ஜெரமி மெக்கவர்ன் தலையடிப் பாதிப்பால் மருத்துவக் குழுவின் ஆலோசனைப்படி விளையாட்டையே விட்டார். சீசன் முடிந்ததும் கூட்டுக் கேப்டன் ஆஸ்கர் ஆலன் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். பின்களத்தில் இரண்டு தூண்கள், முன்களத்தில் இரண்டு, நடுவில் ஒன்று. இரண்டே ஆண்டுகளில் இத்தனை பேரை இழந்த அணி, யாரை மிட்ஃபீல்டில் போட்டாலும் திண்டாடத்தான் செய்யும்.

அதனால் தேர்வைப் பின்களத்தில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரசிகர்கள் இளம் மிட்ஃபீல்டர் ஹார்லி ரீடில் தொடங்குகிறார்கள். அது புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் வரிசை தவறு.

மெக்கவர்ன் ஐந்து முறை ஆல் ஆஸ்திரேலியன் அணியில், அதாவது லீகின் ஆண்டுச் சிறந்த வீரர்கள் பட்டியலில், இடம்பெற்றவர். எதிரணி உதைக்கும் பந்தை, தன் ஆளை விட்டுவிட்டு ஓடிப்போய் மேலெழும்பிப் பிடிப்பது அவருடைய தனித்திறமை. அவர் அப்படித் துணிந்து ஓட முடிந்ததற்குக் காரணம், எதிரணியின் ஆக உயரமான ஃபார்வர்டைப் பாராஸ் தன் உடம்பால் கட்டிப்போட்டு வைத்திருந்ததுதான். இது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருவர் உடம்பு கொடுக்க வேண்டும், இன்னொருவர் பறக்க வேண்டும், மூன்றாவது ஆள் கோல் பக்கமாக ஒதுங்கி நின்று கீழே விழும் பந்துக்குக் காத்திருக்க வேண்டும். இளம் பின்களம் தவறுவது எங்கே என்றால், ஒரே பந்துக்கு இரண்டு உயரமானவர்களும் சேர்ந்து எழும்பிவிடுகிறார்கள். பந்து இருவர் கையிலும் பட்டு அடியில் விழுகிறது. அங்கே எதிரணியின் சின்ன ஃபார்வர்ட் தனியாக நிற்கிறார். கோல், ஆறு புள்ளி. "நீ போ, நான் இருக்கிறேன்" என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுக்கும் பழக்கம் ஒரே ஆட்கள் வாரா வாரம் பக்கத்தில் நின்று ஆடினால்தான் வரும். வாரத்துக்கு ஒரு கூட்டணி என்றால் வரவே வராது.

இதற்கு நம் அணியிலேயே நல்ல உதாரணம் ரூபன் ஜின்பி. 2022 டிராஃப்ட்டில் 9-ஆம் தேர்வாக மிட்ஃபீல்டர் என்று வந்தவர். பிறகு பின்களத்துக்கு மாற்றினார்கள். மாற்றி அங்கேயே விட்டார்கள். இன்று தன்னைவிட உயரமான முதன்மை ஃபார்வர்டுகளோடு மல்லுக்கு நிற்கும் துணிவு அவருக்கு வந்திருக்கிறது. ஒருவரிடம் பந்து போகும் முன்பே கை நீட்டி அதைத் தட்டிவிடும் நேரக்கணிப்பு அவருக்கு அங்கே தொடர்ந்து ஆடியதால் கிடைத்தது. நடுவில் நாலு வாரம் மிட்ஃபீல்டு, நாலு வாரம் விங் என்று அலையவிட்டிருந்தால் இது நடந்திருக்காது. மிட்ஃபீல்டில் ஆள் பற்றாக்குறை வரும்போதெல்லாம் "ஜின்பியை மேலே கொண்டுவா" என்ற குரல் எழும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

2026-க்கு நான் எழுதும் பின்களம் இதுதான். ஜின்பி, ஹாரி எட்வர்ட்ஸ், ரிச்மண்டிலிருந்து வந்திருக்கும் டைலர் யங் ஆகியோரில் உடற்தகுதியோடு இருக்கும் இருவர் உயரமான ஆட்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாமவர் அதே இடத்துக்கான மாற்று ஆளாக மேற்கு ஆஸ்திரேலிய மாநில லீகான வாஃபலில் ஆடும் நம் அணியில் அதே பொறுப்பில் ஆட வேண்டும். எதிரணியின் ஆபத்தான சின்ன ஃபார்வர்டுக்குப் பிராண்டன் ஸ்டார்செவிச். 2024-இல் பிரிஸ்பேன் கோப்பை வென்ற அணியில் இருந்தவர், இந்த மண்ணின் பிள்ளை, வேலையைச் சத்தமில்லாமல் முடிப்பவர். லியாம் டக்கன் இந்தப் பின்களத்தை நின்று இயக்க வேண்டும். எஞ்சிய இடங்கள் பந்தை வெளியே கொண்டுபோகத் தெரிந்தவர்களுக்கு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதியே மாறுகிறது.

2026 முதல், இரு பக்க 50 மீட்டர் வளைவுகளுக்கு இடைப்பட்ட பகுதியில், ஒரு அணி உதைத்த அல்லது கையால் தட்டிய பந்து வேறு யார் மீதும் படாமல் எல்லைக்கோட்டைத் தாண்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். இதுவரை நெருக்கடியில் மாட்டிய பின்கள வீரர் என்ன செய்வார்? எல்லைக்கோட்டை ஒட்டி நீளமாக உதைப்பார். யாராவது பிடித்தால் லாபம், வெளியே போனாலும் அம்பயர் திரும்ப வீசுவார், மூச்சு விட நேரம் கிடைக்கும். ஈகிள்ஸ் போல ஆட்டம் முழுக்க நெருக்கடியில் இருக்கும் அணிக்கு அது பெரிய பாதுகாப்பு வால்வு. இனி அது இல்லை. வெளியே போனால் பந்து நேராக எதிரி கையில். ஆகவே பின்களத்திலிருந்து 45 பாகை குறுக்காக, 25, 30 மீட்டர் தாழ்வாக உதைத்து உள்வழியாக வெளியேறத் தெரிந்தவர் வேண்டும். அந்த உதை பிசகினால் பந்து நம் கோலுக்கு நேர் எதிரே எதிரணிக்குக் கிடைக்கும் என்பதால், உதைப்பவர் காலில் சுத்தம் வேண்டும், மனதில் நடுக்கம் இருக்கக் கூடாது.

இங்கேதான் டாம் மெக்கார்த்தியின் மதிப்பு பலருக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன். 2025 மிட் சீசன் டிராஃப்ட்டில் முதல் தேர்வாக சவுத் அடிலெய்டிலிருந்து வந்தவர். சவுத் ஆஸ்திரேலியாவின் எஸ்.ஏ.என்.எஃப்.எல். லீகில் இதே மாதிரியான விதி 2016-இலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. அதாவது மற்றவர்கள் இந்தக் கோடையில் கற்கத் தொடங்குவதை அவர் ஏற்கெனவே ஆடிப் பழகியவர். கோட்டை ஒட்டி ஓடும்போது எப்போது உதைக்கலாம், எப்போது உள்ளே திரும்ப வேண்டும் என்பது அவர் காலுக்குத் தெரியும். அவரை வலது, இடது என்று பக்கம்கூட மாற்றாமல் ஒரே ஹாஃப் பேக் பக்கத்தில், அதாவது பின்களத்தின் முன்வரிசை ஓரத்தில் வைத்து, முதல் உதை அவர் வழியாகப் போகும்படி அமைக்க வேண்டும். மறுபக்கத்துக்கு பிராடி ஹோ. 2024-இல் 16-ஆம் தேர்வான போ ஆலன், புதிதாக வந்திருக்கும் ஜாஷ் லிண்ட்சே இருவரும் இதே இடத்துக்குப் போட்டியிடட்டும். நல்ல உதை உள்ள நால்வர் இரண்டு மூன்று இடங்களுக்கு மோதுவது ஆரோக்கியமானது.

அடுத்தது ரக். சென்டர் பவுன்ஸ் 2026-இல் இல்லை. அம்பயர் பந்தைத் தரையில் அடித்து எழுப்புவதற்குப் பதில் மேலே வீசுவார். இரு ரக் ஆட்களும் பந்துக்கு மோதும் முன் மைய வட்டத்தின் குறுக்குக் கோட்டைத் தாண்டி எதிரி பக்கம் போகக் கூடாது. தோளை முட்டுக் கொடுத்து எதிராளியைத் தள்ளியே பந்தைத் தட்டும் கனத்த ஆட்களுக்கு இது பாதகம். ஓடிவந்து துள்ளுபவர்களுக்குச் சாதகம். நம்மிடம் மேட் ஃபிளின் இருக்கிறார். 2025 டிராஃப்ட்டில் வந்த கூப்பர் டஃப்-டைட்லர் இரண்டு மீட்டர் உயரம், உயரத்துக்கு நல்ல ஓட்டம், நல்ல துள்ளல். உடனே அவரை முதல் ரக்காகப் போடு என்று கிளம்புவார்கள். கூடாது. மைய வட்டத்தில் நடப்பது ஓர் ஆட்டத்தில் சில பத்து மோதல்கள்தான். அதைத் தவிர மைதானம் முழுக்க, ஆட்டம் நின்று அம்பயர் பந்தை மறுபடி எழுப்பும் ஸ்டாப்பேஜ்கள், எல்லைக்கோட்டு வீச்சுகள் இருக்கின்றன. அங்கே பழைய முட்டல் தள்ளல் அப்படியே தொடரும். 18, 19 வயது உடம்பு 105 கிலோ ஆளோடு ஆட்டம் முழுக்க மோதினால் முழங்காலும் தோளும் தாங்காது. மூன்றாவது கால்பகுதியில் கால் கனத்துப்போய் துள்ளலும் போய்விடும், எந்தத் திறமைக்காக எடுத்தோமோ அதுவே காணாமல் போகும்.

சரியான வழி, டஃப்-டைட்லரை ஃபார்வர்டாக நிறுத்தி, ஒவ்வொரு கால்பகுதியிலும் ஐந்தாறு நிமிடம் மட்டும் ரக்குக்கு அனுப்புவது. மைய வட்டத்துப் பந்துகளில் பாதியை அவருக்குக் கொடுக்கலாம், எல்லைக்கோட்டு மோதல்களை ஃபிளின் எடுக்கட்டும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 2026-இல் ஒரே ஒரு மாற்று ஆளைத் தனியாக வைக்கும் சப் முறை போய், பெஞ்சில் ஐந்து பேர் வருகிறார்கள். ஆனால் ஓர் ஆட்டத்தில் ஆள் மாற்றும் உச்சவரம்பு அதே 75 முறை. கால்பகுதிக்கு 18 அல்லது 19. ஆறு மிட்ஃபீல்டர்கள் கால்பகுதிக்கு இரண்டு முறை வெளியே வந்தால் 12 போய்விடும். இரண்டு சின்ன ஃபார்வர்டுகள் இரண்டு இரண்டு முறை என்றால் 16. மீதி இரண்டு மூன்றுதான். மற்ற எல்லோருக்கும் அதற்குள் அடங்க வேண்டும். ரக்கும் ஃபார்வர்டும் மைதானத்துக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டால் அந்தக் கணக்கில் ஒன்றுகூடக் குறையாது. பெஞ்சில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்பதற்காக இரண்டாவது முழுநேர ரக்கை அங்கே உட்கார வைப்பது வீண். அந்த இடம் ஓடக்கூடிய ஒரு மிட்ஃபீல்டருக்குப் போக வேண்டும்.

இனி ஹார்லி ரீட். 2023 டிராஃப்ட்டில் முதல் தேர்வு, 2028 வரை ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார், 2026 அவருக்கு மூன்றாவது சீசன். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை அவரைப் பற்றி நடந்த ஆரூடங்களுக்கு அளவே இல்லை. அது முடிந்தது நல்லது. அவரை எங்கே ஆடவிடுவது? பத்தில் ஏழு பங்கு நேரம் மிட்ஃபீல்டு, மூன்று பங்கு ஃபார்வர்ட். இந்த விகிதத்தை முதல் சுற்றிலேயே முடிவு செய்து, ஸ்கோர் எப்படி இருந்தாலும் மாற்றாமல் இருக்க வேண்டும். போன சீசனில் அணி பின்தங்கும்போதெல்லாம் பாரம் முழுக்க அவர் தலையில் ஏறியது. எதிரணி ஒரு டேக்கரை, அதாவது அவரை மட்டுமே நிழல்போல் தொடரும் ஆளை, அவர்மேல் ஒட்டவைக்கும். அவர் பந்தை எடுத்ததும் கையை நீட்டித் தள்ளிக்கொண்டு ஒருவரைத் தாண்டுவார், இரண்டாமவரைத் தாண்டுவார், மூன்றாமவர் பிடித்துவிடுவார், பந்தை விடாததற்கு ஃப்ரீ கிக். கூட்டம் அவரைக் குறை சொல்லும். உண்மையில் குறை அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம். பந்திலிருந்து 5 மீட்டருக்குள் தன் அணி வீரருக்கு மறைப்புக் கொடுக்க விதி அனுமதிக்கிறது. டேக்கருக்கும் ரீடுக்கும் நடுவில் ஒரு தோள் நுழைந்தால் போதும், அவருக்கு இரண்டு அடி இடைவெளி கிடைக்கும். அந்த இரண்டு அடியில் அவர் என்ன செய்வார் என்று 2024 ஏப்ரலில் உள்ளூர்ப் போட்டி அணியான ஃப்ரீமாண்டிலைத் தோற்கடித்த டெர்பியில் பார்த்தோம். அந்தத் தோள் ஜாக் கிரஹாமுடையதாக இருக்க வேண்டும். அவர் ரிச்மண்டில் பல ஆண்டுகள் செய்த வேலை அதுதான். புள்ளிவிவரத்தில் பெயர் வராத வேலை, ஆனால் அதற்காகத்தான் அவரை எடுத்தோம்.

மைய வட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுவுக்கு வரும்போது இரு அணிகளும் ஆறு, ஆறு, ஆறு என்று நிற்க வேண்டும். இரு பக்க 50 மீட்டர் வளைவுக்குள் ஆறு ஆறு பேர், நடுச் சதுரத்தில் நால்வர், விங்குக்கு ஒருவர். 2019-இலிருந்து இந்த விதி. பின்களத்தில் கூடுதல் ஆளை ஒளித்து வைக்க முடியாது. எதிரணி நடுவில் பந்தை வென்றால் நேராக நம் கோலுக்கு முன் நிற்கும் ஃபுல் பேக்கின் தலைக்கு வரும், அவர் ஒற்றைக்கு ஒற்றை நிற்பார். ஐந்து நிமிடத்தில் நான்கு கோல் வாங்கிய கால்பகுதிகள் எல்லாம் இப்படித்தான் வந்தன. அந்த நேரத்தில் நடுவில் நிற்கும் மூன்று மிட்ஃபீல்டர்களில் ஒருவராவது பந்தைத் தேடாமல் எதிரணியின் வெளியேறும் வழியை மட்டும் அடைத்து நிற்க வேண்டும். மூவரும் பந்துக்குப் பாய்ந்தால் ஒரு தட்டலில் மூவரும் ஆட்டத்திலிருந்து விலகிவிடுகிறார்கள். லியாம் பேக்கருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். 2019, 2020 இரண்டு கோப்பை அணிகளில் ஆடியவர், எப்போது பின்வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்.

டிம் கெல்லிக்கும் எலியட் யோவுக்கும் முப்பது தாண்டிவிட்டது. யோ 2025-ஐ முழுக்கக் காயத்திலேயே கழித்தார். இருவரில் ஒருவரை மட்டுமே எந்த வாரமும் தொடக்க மிட்ஃபீல்டில் வைக்க வேண்டும் என்பேன். கெல்லியின் கால் சுத்தம் இன்னும் தேவை, அவரை ஹாஃப் ஃபார்வர்டிலிருந்து மேலேறி வரவைக்கலாம். அவர்கள் விடும் நிமிடங்கள் எலைஜா ஹியூவட்டுக்கும் டாம் கிராஸுக்கும் போகட்டும். ஹியூவட் காயத்தால் 2024-ஐ இழந்தவர். அவருக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு வாரம் தொடர்ச்சியான மிட்ஃபீல்டு ஆட்டம். காலிங்வுட்டில் வாய்ப்புக் குறைவாகவே கிடைத்த ஃபின்லே மெக்ரேவுக்கும் அதே நியாயம் பொருந்தும். ஒரு மோசமான வாரத்துக்காக வெளியே அனுப்பி, அடுத்த வாரம் வேறொருவரை இழுத்து வருவது இரண்டு பேரையும் கெடுக்கும்.

2025 டிராஃப்ட்டின் முதல் தேர்வு வில்லெம் டூர்ஸ்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். எங்கே போட்டாலும் ஆடுவார் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். விங், ஹாஃப் பேக், மிட்ஃபீல்டு, முன்களம் எல்லாம் வரும். பலவீனமான அணியில் இந்தப் புகழ்ச்சி ஆபத்தானது. யாருக்குக் காயம் வந்தாலும் அந்த ஓட்டையை அடைக்க அவரைத்தான் அனுப்புவார்கள். சீசன் முடிவில் 20 ஆட்டம் ஆடியிருப்பார், ஓரிடத்தையும் கற்றிருக்க மாட்டார். அவரை விங்கில் நிறுத்துங்கள், முழு சீசனும். விங் என்பது 18 வயது உடம்புக்கு ஏற்ற இடம். மோதல் குறைவு, ஓட்டம் அதிகம். பந்து எதிரணி கைக்குப் போனால் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், நம் கைக்கு வந்தால் எவ்வளவு அகலம் விரிய வேண்டும் என்ற வாசிப்பை அங்கேதான் கற்க முடியும். நம் பெர்த் ஆப்டஸ் மைதானம் நீளம் அதிகம், அகலம் குறைவு, ஏறத்தாழ 165-க்கு 130 மீட்டர். மெல்பர்ன் எம்.சி.ஜி. அதைவிடப் பத்து மீட்டருக்கு மேல் அகலம். இரண்டு மைதானத்திலும் விங் ஆள் நிற்கும் இடம் வேறு. உள்ளூரில் பழகிய தூரத்தில் நின்றால் எம்.சி.ஜி.யில் எதிரணி விங் ஆள் வெளிப்பக்கம் தனியாக நிற்பார். இதையெல்லாம் வாரம் ஓர் இடம் என்று அலைபவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. 2027-இல் மிட்ஃபீல்டுக்குக் கொண்டுவரலாம், அவசரமில்லை.

முன்களத்தில் ஜேக் வாட்டர்மனின் தோள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 2024-இல் 53 கோல் அடித்து ஆல் ஆஸ்திரேலியன் ஆனவர், 2025-இல் தோள் காயத்தால் பாதியில் நின்றார். ஆஸ்கர் ஆலன் இல்லாத நிலையில் எதிரணியின் சிறந்த பின்கள வீரர் அவர்மேல்தான் வருவார், இரண்டாமவரும் துணைக்கு வருவார். அந்த இரண்டாமவரை விலக்கி இழுக்கத்தான் ஜோப் ஷானகனும் டஃப்-டைட்லரும். கோல் அடிப்பது அவர்களிடம் இரண்டாவது எதிர்பார்ப்பாக இருக்கட்டும். ஷானகன் ஒவ்வொரு முறையும் வாட்டர்மனுக்கு எதிர்ப்பக்கமாக, 40 மீட்டர் முழு வேகத்தில் ஓட வேண்டும். பந்து வராவிட்டாலும் ஓட வேண்டும். ஆர்ச்சர் ரீடும் பட்டியலில் இருக்கிறார், ஆனால் நான்கு உயரமானவர்களை ஒரே நேரத்தில் முன்களத்தில் போட்டால் பந்து தரையில் விழுந்ததும் எதிரணி ஓடிவிடும். மூன்றே பேர், அதற்கு மேல் வேண்டாம். தரையில் விழும் பந்துக்கு மேட் ஓயிஸ். லியாம் ரயன் செயின்ட் கில்டா போய்விட்டதால், முன்களத்தில் எதிராளியை மடக்கிப் பிடித்து பந்தை உள்ளேயே அடைத்து வைக்கும் ஆள் நமக்குக் குறைவு. அனுபவசாலி ஒருவரைக் கூடுதலாகக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால், இந்த இடத்துக்கு மட்டும் நான் சம்மதிப்பேன்.

அனுபவசாலி விஷயத்தில் நமக்கு அண்மைப் பாடம் இருக்கிறது. 2024-இல் 3-ஆம் தேர்வைக் கார்ல்டனுக்கு விட்டுக்கொடுத்து, பேக்கர், ஓயிஸ் இருவரோடு 12-ஆம் தேர்வையும் வாங்கினோம். அந்தத் தேர்வு பின்னால் தள்ளிப்போய்த்தான் போ ஆலன் வந்தார். கார்ல்டன் எடுத்த ஜாகா ஸ்மித் முழங்கால் காயத்தால் 2025 முழுக்க ஆடவில்லை என்பதால் யாருக்கு லாபம் என்று இன்னும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பேக்கர் நல்ல வரவு. ஆனால் அவர் வந்த ஆண்டில்தான் ஒரு வெற்றி. நல்ல ஆள் ஒருவர் வந்தால் நடுக்கோட்டு ஓட்டை அடைபடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 2022-இல் 2-ஆம் தேர்வை விட்டு 8, 12 என்ற இரண்டு தேர்வுகளாகப் பிரித்துக்கொண்டதில் ஜின்பியும் ஹியூவட்டும் கிடைத்தார்கள். அது நல்ல வியாபாரம், ஏனென்றால் இளைஞரைக் கொடுத்து இளைஞர்களை வாங்கினோம்.

2026 முதல் சுற்றுத் தேர்வை எக்காரணம் கொண்டும் விற்கக் கூடாது. டாஸ்மேனியா என்ற புதிய அணி 2028-இல் லீகில் நுழைகிறது. 2027 டிராஃப்ட்டின் முதல் சுற்றில் அவர்கள் பங்கு பெரிதாக இருக்கும். மேல்வரிசைத் திறமை கையில் சிக்குவதற்கு 2026 டிராஃப்ட்தான் கடைசி நல்ல வாய்ப்பு. போதாதற்கு, தங்கள் அகாடமியில் வளர்ந்தவரையும் தங்கள் முன்னாள் வீரரின் மகனையும் முந்தி எடுக்க கிளப்புகளுக்கு உள்ள உரிமையால் மேலிடத் தேர்வுகள் தள்ளிப்போகின்றன. ஆஸ்கர் ஆலனுக்கு ஈடாகக் கிடைத்த 2-ஆம் தேர்வே மற்ற கிளப்புகள் தங்கள் உரிமை வீரர்களை எடுத்துக்கொண்டதில் 4-ஆம் இடத்துக்குப் போய்த்தான் டஃப்-டைட்லர் வந்தார்.

பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்பர்ன் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் விமானம் நான்கு மணி நேரம் எடுக்கும். ஆட்டம் முடிந்து வீங்கிய கணுக்காலோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் மறுநாள் மீட்சிப் பயிற்சி கெடும். அடுத்த ஆட்டத்துக்கு ஆறு நாள்தான் இடைவெளி என்றால், முதலாண்டு வீரர்களில் இருவரையாவது அந்த வாரம் ஓய்வில் வைக்க வேண்டும். அதை ஃபார்ம் சரியில்லை என்று சொல்லாமல் ஓய்வு என்றே அறிவிக்க வேண்டும். தலையடி வாங்கியவர் குறைந்தது 12-ஆம் நாள்தான் திரும்பலாம் என்ற விதியால் ஓர் ஆட்டமாவது போகும். மாற்று ஆள் யார் என்பது அன்றைக்கு யோசிக்கும் விஷயமாக இருக்கக் கூடாது. ஈகிள்ஸுக்கு 2019 முதல் வாஃபலில் தனி அணி இருக்கிறது. மேலே மெக்கார்த்தி எந்தப் பக்கம் ஆடுகிறாரோ கீழே அவருக்கு மாற்றாளும் அதே பக்கம் ஆட வேண்டும். கீழே ஆள் பற்றாக்குறை என்று அவரை முன்களத்தில் போட்டுவிட்டு, மேலே அழைக்கும்போது பின்களத்தில் தவறு செய்கிறார் என்று திட்டுவதில் நியாயமில்லை.

வெற்றி எத்தனை வரும் என்று கேட்டால், வாட்டர்மனும் ஜின்பியும் முக்கால்வாசி ஆட்டங்களுக்குக் கிடைத்தால் நான்கு அல்லது ஐந்து என்பேன். அவர்கள் இல்லாவிட்டால் இரண்டு. 2026-இல் வைல்ட்கார்டு சுற்று வருவதால் பத்தாவது இடத்தில் இருக்கும் அணிக்கும் ஃபைனல்ஸ் கதவு திறக்கிறது, அதை வைத்து ஆசை காட்டும் பேச்சை இந்த ஆண்டு நம்ப வேண்டாம். நான் பார்க்கப்போவது பெர்சன்டேஜ். எடுத்த புள்ளியைக் கொடுத்த புள்ளியால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. அது 75-ஐத் தாண்ட வேண்டும். அதற்கு எதிரணியைப் பாதி ஆட்டங்களிலாவது 90 புள்ளிக்குள் நிறுத்த வேண்டும். அது நடந்தால் பின்களம் நின்றுவிட்டது என்று பொருள், இடையில் பத்து ஆட்டம் தோற்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் எண்ணப்போகிறேன். டூர்ஸ்மா, டஃப்-டைட்லர், ஹியூவட், ஷானகன், மெக்கார்த்தி ஐவரும் சீசனில் எத்தனை இடங்களில் தொடங்கினார்கள் என்பதை. வியாழக்கிழமை இரவு அணி அறிவிப்பு வரும்போது உள்ளே யார், வெளியே யார் என்பதோடு நிறுத்தாமல், யார் எந்த வரிசையில் பெயரிடப்பட்டிருக்கிறார் என்பதையும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாரந்தோறும் ஒரு பத்தி வெளியிட்டால் வாசகர்களுக்கும் அதைத் தொடர முடியும். ஆவன செய்யுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பெர்த் வாசகர்